ஓசூர் – கோயம்பேடு: லோடைவிடக் காலியாக வரும்போது அதிக டீசல் குடிக்கிறது, எங்கே கோளாறு?

தக்காளிலோடு
வணக்கம் அண்ணன்களே. பொலேரோ பிக்கப், 1.7 டன் ஏற்றும், பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த) வண்டி. ஓசூரில் தக்காளி ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்பேடு போய் இறக்கிவிட்டு, காலையில் காலியாகத் திரும்புவேன். போகும்போது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வருகிறது, திரும்பும்போது 11-ஐத் தாண்டுவதில்லை. லோடு இருக்கும்போதுதானே குறைய வேண்டும், இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது. இங்குள்ள மெக்கானிக் ஒருவர் நாலு இன்ஜெக்டரையும் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) மாற்றினால்தான் சரியாகும் என்கிறார், அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கரும்புகை இல்லை, இழுவை குறையவில்லை, ஏர் ஃபில்டர் புதுசு. என்னதான் பார்ப்பது?

சேலம்ஷெட்
டேங்கை எப்படி நிரப்புகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பம்பின் நாசில் தானாக ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட்டால் டீசல் நுரையே ஒரு பம்பில் ஒரு மாதிரி, இன்னொரு பம்பில் வேறு மாதிரி ஏமாற்றும். இரண்டு லிட்டர் முன்னே பின்னே ஆனாலே உங்கள் 13 எல்லாம் 12 ஆகிவிடும்.

தக்காளிலோடு
இந்தப் பக்கம் எப்போதும் ஒரே பம்ப், அந்தப் பக்கமும் ஒரே பம்ப்தான். நுரை அடங்கும்வரை நின்று கழுத்துவரை போடச் சொல்கிறேன். கணக்கில் தப்பு இருக்காது அண்ணா.

கியர்மாத்தி
ப்ரோ, இறக்கத்தில் எல்லாம் நியூட்ரலில் விடுங்க, தானாக ஏறிடும் மைலேஜ். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

டீசல்பம்ப்_கோவை
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதே. இப்போதுள்ள காமன் ரயில் இன்ஜினில் (கம்ப்யூட்டர் அளந்து டீசல் விடும் வகை) கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டாலே இன்ஜெக்டருக்கு டீசல் நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் ஐடிலில் ஓட டீசல் ஊற்றியாக வேண்டும். செலவுதான் கூடும். அதோடு சூளகிரி இறக்கத்தில் ஒன்றரை டன் தக்காளியை வெறும் பிரேக்கை நம்பி விட்டால் பிரேக் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கோயம்பேடு கிட்டத்தட்டக் கடல் மட்டம். நீங்கள் லோடோடு இறங்குகிறீர்கள், காலியோடு ஏறுகிறீர்கள். காலி வண்டி 1.8 டன் என்று வைத்துக்கொண்டால், அதை 900 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டர் டீசல் வேண்டும். சாலையில் உருளுவதற்கு, காற்றைத் தள்ளுவதற்கு ஆகும் செலவு இதில் இல்லை. போகும்போது லோடின் எடையே வண்டியைத் தள்ளிக்கொடுக்கிறது, அந்த 13-இல் ஒரு பங்கு மலை கொடுத்த இனாம். அதனால் போவது தனி, வருவது தனி என்று பிரித்துப் பார்க்காதீர்கள். ஓசூரில் நிரப்பி, சுற்றி வந்து ஓசூரிலேயே நிரப்பி, மொத்தமாக வகுத்துப் பாருங்கள்.

ஆனால் இந்த ஏற்றம் மட்டும் 13-ஐ 11 ஆக்காது, இன்னும் ஏதோ இருக்கிறது. திரும்பும்போது என்ன வேகம்?

தக்காளிலோடு
லோடில் 55, 60. காலியில் ஸ்பீடு லிமிட்டர் 80-இல் நிற்கும் அல்லவா, வாலாஜா தாண்டியதிலிருந்து கிருஷ்ணகிரிவரை அதிலேயே மிதித்து வைத்திருப்பேன். தூக்கம் வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டாமா.

சேலம்ஷெட்
அங்கேதான் போகிறது உங்கள் டீசல். 60-இல் இருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடும். வேகத்தை வேகத்தால் பெருக்கிப் பாருங்கள், தெரியும். கார் என்றால் மூக்கு சரிந்திருக்கும், பிக்கப்பின் முகம் நேராக நிற்கும். எடையால் வரும் உருளும் எதிர்ப்பு சமவெளியில் அவ்வளவு பெரிய விஷயமே இல்லை, லோடு ஏற்றினால் மைலேஜ் பாதியாகிவிடும் என்பது மலையில்தான் உண்மை. நாற்கரச் சாலையில் வேகமும் உயரமும்தான் டீசலைத் தின்னும். ஆமாம், கூண்டு கட்டிய பாடியா? காலியில் தார்ப்பாயை என்ன செய்கிறீர்கள்?

தக்காளிலோடு
கூண்டு இல்லை, சாதா பாடிதான். தார்ப்பாய் மடித்துக் கேபினில். "காலி" என்று சொன்னேனே தவிர, பெட்டி வரும். நான் அறுபது பெட்டி கொண்டுபோவேன், திரும்பும்போது மண்டிக்காரர் மற்ற வண்டியின் காலிப் பெட்டிகளையும் சேர்த்து இரண்டு மடங்கு ஏற்றிவிடுவார். கேபினுக்கு மேல் மூன்று அடுக்கு நிற்கும், கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவேன். பிளாஸ்டிக்தானே, எடையே இல்லையே?

டீசல்பம்ப்_கோவை
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இன்ஜெக்டர் பேச்சே வந்திருக்காது :) எடையைப் பற்றி யார் கேட்டது? கேபினுக்கு மேலே மூன்று அடுக்கு, அதுவும் சுற்றிலும் ஓட்டை ஓட்டையான பெட்டி, மேலே தார்ப்பாயும் கிடையாது. ஒவ்வொரு ஓட்டையிலும் காற்று புகுந்து சுழலும். 80-இல் அந்தச் சுவரை முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள், போதாததற்கு ஏற்றத்தில்.

ஜெனரேட்டர்_நெல்லை
அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. நான் இதே வண்டியில் கொக்கி போட்டுப் பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கிறேன், கல்யாணம், கோயில் கொடை. டிரெய்லர் கேபின் உயரத்துக்குள் அடங்கும், 50-இல் போனால் காலி வண்டிக்கும் அதற்கும் ஒன்றரை கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. அதே டிரெய்லரோடு அலங்கார ஆர்ச் சட்டத்தைக் கேபின் மேல் சாய்த்துக் கட்டினால் சட்டென்று இறங்கிவிடும். சட்டம் இரண்டு ஆள் தூக்கும் எடைதான்.

இன்னொன்று: வண்டியை நிறுத்தியதும் நாலு வீலையும் தொட்டுப் பாருங்க. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு டிரெய்லர் வீலில் பேரிங் போனதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். காற்றும் பாருங்க, லோடுக்கு ஏற்றமாதிரி, டயர் ஆறியிருக்கும்போது.

சேலம்ஷெட்
இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது) குழாயையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள். கிளாம்ப் பக்கம் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தாலோ, ஏற்றத்தில் புஸ் என்று சத்தம் வந்தாலோ டர்போ காற்று வெளியே போகிறது. ஆனால் இழுவையும் நன்றாக இருந்து புகையும் இல்லை என்றால் அநேகமாக அது இல்லை.

தக்காளிலோடு
போன வாரம் சொன்னபடி செய்தேன். பெட்டியைக் கேபின் உயரத்தோடு நிறுத்தி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, 65-க்கு மேல் போகவில்லை. திரும்பும்போது 13.5 வந்தது! ஓசூர் டு ஓசூர் மொத்தக் கணக்கும் 13-ஐத் தாண்டிவிட்டது. வீடு சேர ஒரு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். பின்னால் இடது டிரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தது, நாளைக்குக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். இன்ஜெக்டரைத் தொடப்போவதில்லை.

இப்போது மண்டிக்காரர்தான் முறைக்கிறார். மீதிப் பெட்டியை யார் கொண்டுபோவது என்கிறார்.

ஜெனரேட்டர்_நெல்லை
அது அடுத்தவன் பெட்டி தம்பி. பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகை பேசுங்க, இல்லையென்றால் அந்த வண்டிக்காரனே வந்து எடுத்துக்கொள்ளட்டும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்க.