பக்கவாதத்துக்குப் பின் கையின் முன்னேற்றத்தை வீட்டில் எப்படி அளப்பது?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. கோயம்புத்தூருக்குச் சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் 66க்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதித் தருகிறார்கள். அது உயர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் வீட்டில் காபி டம்ளரைக்கூட அம்மா இடது கையால்தான் எடுக்கிறார். இது ஏன்? இடைப்பட்ட நாட்களில் நாங்கள் எதை அளக்கலாம்?

பதில் (இயன்முறை மருத்துவர், குன்னூர்):
66 என்பது ஃபூகல்-மேயர் அளவீட்டில் கைக்கு உரிய முழு மதிப்பெண். ஸ்வீடனில் உருவாகி 1975இல் வெளிவந்த அம்முறை, செய்யச் சொன்னால் ஓர் அசைவைச் செய்ய முடிகிறதா என்று பார்த்து 0, 1, 2 என மதிப்பிடுகிறது. யாரும் சொல்லாதபோது அம்மா எந்தக் கையை நீட்டுகிறார் என்பது அதில் தெரியாது. அதை அறியவே இரு மணிக்கட்டுகளிலும் முடுக்கமானி (அசைவைப் பதிவுசெய்யும் சிறு கருவி) கட்டி ஒப்பிடுகிறார்கள். ஒரு கையில் மட்டும் கட்டினால், மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கும்போது கை ஆடுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். நலமானவர்களிடம் இரு கைகளும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் இயங்குகின்றன. அந்த விகிதத்தை எவ்வளவு நெருங்குகிறார் என்பதே முக்கியம்.

வீட்டில், நடுவே தடுப்பு வைத்த பெட்டியில் 2.5 சென்டிமீட்டர் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக அப்பக்கம் போடச் சொல்லி, 1 நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். நாற்காலியும் மேசை உயரமும் மாறக் கூடாது. பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படமும் எடுங்கள்; முதுகு நாற்காலியை விட்டு முன்னே சாய்ந்தாலோ தோள் காதை நோக்கி ஏறினாலோ, கட்டைகள் கூடியிருந்தாலும் அது முழங்கை நீண்டதால் வந்த முன்னேற்றம் அன்று. எண்ணிக்கையைவிட நான் இதையே பெரிதாகக் கருதுகிறேன்.

பதில் (உதகை):
என் அப்பாவைக் கவனித்துவருகிறேன். உறைபனிக் காலத்தில் காலையில் அவர் விரல்கள் இறுகி மூடிக்கொள்ளும்; அப்போது எண்ணினால் கை பின்னடைந்ததுபோல் தோன்றும். வெயில் ஏறிய பின், எப்போதும் அதே நேரத்தில் அளப்பது நல்லது. வெந்நீரில் கையை வைப்பதானால், சூட்டை நீங்கள் தொட்டுப் பாருங்கள். பாதித்த கைக்குச் சுடுவது தெரியாமல் போகலாம்.

பதில் (இயன்முறை மருத்துவர், குன்னூர்):
உண்மைதான், குளிரில் தசை இறுக்கம் கூடக்கூடும். ஆனால் திடீரென்று கை தளர்ந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அதைக் குளிர் என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.