ஃபோர்ட் கொச்சியில் ஒற்றை அறை ஸ்டுடியோ: அமுச்சியோடு தங்க ஒத்து வருமா?

பீளமேடு:
வணக்கமுங்க. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, திங்கட்கிழமை திரும்புகிற மாதிரி ஃபோர்ட் கொச்சி போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், என் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்). அமுச்சிக்கு 78 வயது, முழங்கால் வலி உண்டு. வெளிச் சாப்பாடு ஒரு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில் ஸ்டுடியோ பார்த்திருக்கிறேன். ஒரே அறை, மூலையில் இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ். எர்ணாகுளத்தில் லிஃப்ட் உள்ள ஹோட்டலே மேல் என்கிறார் மாமனார். அங்கே தங்கினவங்க சொல்லுங்க. காரா, ரயிலா என்பதும் முடிவாகவில்லை.

பொள்ளாச்சி அக்கா:
தம்பி, எங்களுக்குக் கொப்பரை வியாபாரம். மட்டாஞ்சேரி எண்ணெய் வியாபாரிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஃபோர்ட் கொச்சியில் இந்த மாதிரி அறையில்தான் தங்குவோம். அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய ஊருக்குள்ளேயே தங்குங்க. விடியற்காலையும், சாயங்காலம் வெயில் இறங்கின பிறகும்தான் அந்த ஊர் நன்றாக இருக்கும். எர்ணாகுளத்தில் தங்கினால் எழுந்து, சாப்பிட்டு, கிளம்பி நீங்கள் வந்து சேருவது உச்சி வெயிலில்தான். அந்தப் புழுக்கத்தில் அமுச்சி என்னத்தைப் பார்ப்பாங்க?

காலையில் சீன வலை பக்கம் கூட்டிப் போங்க. கயிற்றில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டு, நாலைந்து பேர் இழுக்க, அவ்வளவு பெரிய வலை தண்ணீரிலிருந்து மேலே வரும். கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே தூங்குமூஞ்சி மரங்கள் பெரிது பெரிதாக நிற்கின்றன, நிழலில் உட்காரலாம்.

ஆனால் மாடி அறையை மட்டும் விட்டுவிடுங்க. அங்கே பழைய வீடுகளில் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், பல இடங்களில் கைப்பிடியும் சரியாக இருக்காது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். தரைத்தளத்தில் அறை இருக்கிறதா என்று கேளுங்க. வாசற்படியையும் குளியலறையையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நல்ல வீட்டுக்காரர்கள் தயங்காமல் அனுப்புவாங்க.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், அரிசியும் பருப்பும் வைத்துவிடலாம். அங்கே கடைகளில் சிவப்பான மட்டை அரிசிதான் அதிகம். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், நெய் எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்க. தேங்காய்க்கு அங்கே பஞ்சமில்லை. அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது, எவர்சில்வர் குக்கர் வேண்டும். சிறுவாணி குடித்த நாக்குக்கு அங்கத்துத் தண்ணீர் பிடிக்காது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீரே வாங்கிவிடுங்க.

அப்புறம் துணி. கடல் காற்றில் அறைக்குள் போட்ட துண்டு மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். வேளி என்ற இடத்தில் டோபி கானா இருக்கிறது, அங்கே கொடுத்துவிடுங்க. வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைக்குத் துணி வெளுக்க வந்தவர்களின் வழி என்று சொல்வாங்க. அமுச்சியையும் கூட்டிக்கொண்டு போங்க. மொழி தெரியாத ஊரில் தமிழில் நாலு வார்த்தை பேச ஆள் கிடைத்தால் வயசானவங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஈரோடு வடக்கு:
காரில் போவதில் வழி ஒன்றும் சிரமமில்லை, பாலக்காடு - திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த மலைப்பாதை நெரிசல் தீர்ந்துவிட்டது. நிறுத்துவதுதான் பாடு. சந்துகள் குறுகல், பெரும்பாலான வீடுகளில் கார் நிறுத்த இடமில்லை. நான் ரயில்தான் சொல்வேன், நாலு மணி நேரம்.

கிழமையைக் கவனியுங்க. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568-இல் கட்டிய யூதர் ஆலயம் சனிக்கிழமை திறக்காது. ஞாயிறு காலை வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களை அமுச்சிக்குக் கட்டாயம் காட்டுங்க. வாஸ்கோடகாமாவை 1524-இல் முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயம் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பாப்பா கடலில் குளிக்கக் கேட்டால் ஃபோர்ட் கொச்சிக் கரை அதற்கு ஏற்றதல்ல. வண்டிகளையும் ஏற்றுகிற ரோ-ரோ படகில் எதிரே உள்ள வைப்பின் தீவுக்குப் போய், அங்கிருந்து செராய் கடற்கரைக்குப் போங்க. கொசு அதிகம், ஜன்னலில் வலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்க.

பீளமேடு:
ரொம்ப நன்றிங்க. அதே வீட்டுக்காரரிடம் கேட்டேன். பின்பக்கம் தரைத்தளத்தில் ஓர் அறை காலியாம், ஒரே ஒரு படி, ஜன்னலுக்கு வலையும் உண்டு. வீடியோவும் வந்துவிட்டது. ரயிலில் போவதாக முடிவு. எர்ணாகுளத்தில் இறங்கி அமுச்சியைப் படகில் ஏற்ற முடியுமா?

பொள்ளாச்சி அக்கா:
ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ (புது மின்படகு) நிலையம் போய்விடுங்க. மிதவை மேடையும் படகின் தளமும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியே உள்ளே போகும், ஏசியும் உண்டு. பழைய அரசுப் படகில் கால் தூக்கி வைக்க வேண்டும், அமுச்சிக்கு அது வேண்டாம். வெள்ளிக்கிழமை ரயில் தாமதமாகி இருட்டிவிட்டால் கடைசிப் படகு நேரத்தை முதலில் கேளுங்க. போய்விட்டது என்றால் ஸ்டேஷனிலேயே டாக்ஸி பிடித்து, தோப்பும்படி வழியாக நேரே வீட்டு வாசலில் இறங்கிக்கொள்ளுங்க.