'வேசிலேட்' என்றால் தயங்குவதா, ஊசலாடுவதா?

கயல் கேட்டது:
முதல் உலகப் போர் மூண்ட கதையைச் சொல்லும் ஒரு ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1914 ஜூலைக் கடைசியில் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் 'வேசிலேட்' செய்தார் என்று வருகிறது. நான் 'தயங்கினார்' என்று எழுதினேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டு 'ஊசலாடினார்' என்று போட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே? மனசு ஒப்பவில்லை.

முத்து:
ஒன்றில்லை. தயங்குகிறவர் அடி எடுத்து வைக்காமல் நிற்கிறார், அதற்கு 'ஹெசிடேட்' இருக்கிறது. 'வேசிலேட்' தள்ளாடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சாய்வது. ஜார் செய்ததையே பாருங்கள். ஜூலை 29-ல் முழுப் படைதிரட்டலுக்குச் சம்மதித்தார், அன்று இரவே ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மின் தந்தி வந்ததும் அதை ரத்து செய்து ஒரு பகுதிப் படை போதும் என்றார், மறுநாள் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நேரில் வந்து வற்புறுத்தியதும் திரும்பவும் முழுப் படை என்று ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் மூன்று முடிவு! இது தயக்கமே இல்லை, சரிபார்த்தவர் சொன்னதுதான் சரி.

தேன்மொழி:
முத்து சொன்னதோடு ஒன்று. 'வேசிலேட்' கொஞ்சம் எழுத்து நடைச் சொல், வீட்டுப் பேச்சில் அதிகம் வராது. எங்கள் அம்மா புடவைக் கடையில் ஒரு தோளில் அரக்கு, மறு தோளில் பச்சை என்று போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பார், கடைப்பையன் மடித்து வைத்ததை மறுபடி பிரிக்கச் சொல்வார். அதற்கு 'டிதர்' பொருத்தம். 'ஷில்லி-ஷாலி' என்றும் ஒன்று உண்டு, 'ஷல் ஐ, ஷல் ஐ' என்று தன்னையே கேட்டுக்கொள்வதிலிருந்து பிறந்தது, நம்முடைய 'போவதா வேண்டாமா' மாதிரியே. அப்புறம், 'மதில் மேல் பூனை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தப் பூனை எந்தப் பக்கமும் குதிக்காமல் உட்கார்ந்திருக்கிறது, ஜார் குதித்துக் குதித்துத் திரும்பினார்.

பாரி:
உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிக்கான 'வேக்சினேட்' பழக்கத்தில் பலர் இதையும் 'வேக்சிலேட்' என்கிறார்கள். இதில் ஒரே ஒரு 'சி'தான், அதனால் 'வேசிலேட்'. கூடவே 'பிட்வீன்' வந்தால் எந்த இரண்டுக்கு நடுவே என்பதைத் தமிழிலும் சொல்லிவிடுங்கள், வெறும் 'ஊசலாடினார்' அந்தரத்தில் நிற்கும்.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. 'முழுப் படையா, பகுதிப் படையா என்று ஜார் ஊசலாடினார்' என்று மாற்றிவிட்டேன். சரிபார்த்தவருக்கும் இப்போதே எழுதுகிறேன்.