ஒரே மெஷின், ஒரே சலுகை: ஒரு வட்டாரம் மட்டும் ஏன் முந்துகிறது?

பட்டறைக்காரன்:
சின்ன ஆலைகள் டிஜிட்டலுக்கு மாறுவதில் வட்டாரத்துக்கு வட்டாரம் வித்தியாசம் என்று பேச்செடுத்தாலே, "அந்தப் பக்கத்து முதலாளிகள் பழைய பஞ்சாங்கம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இத்தாலி 2017-ல் ஒரு வரிச்சலுகை தந்தது: நெட்வொர்க்கில் இணையும் புது மெஷினில் 100 யூரோ போட்டால் 250 யூரோ செலவு என்று காட்டி, வரி போடும் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நாடு முழுக்க ஒரே சட்டம்தான். ஆனால் பெரும்பகுதி வடக்கே லொம்பார்தி, வெனேத்தோ பக்கம் போய்ச் சேர்ந்தது. தெற்கில் இருப்பவர்களுக்கு விவரம் போதாதா?

கணக்குப்புலி:
உதாரணத்திலேயே ஓட்டை இருக்கிறது. வடக்கில் ஆலைகளே அதிகம், சலுகையும் அங்கேதானே போகும்? நூறு ஆலைக்கு எத்தனை என்று சொல்லுங்கள், பேசலாம். தவிர, வரி கட்டும் அளவுக்கு லாபம் இல்லாதவருக்கு 250 என்ன, 500 என்ன? என் கட்சி இதுதான்: வித்தியாசம் ஊரில் இல்லை, செய்யும் தொழிலில் இருக்கிறது. கார் உதிரிபாகம் செய்கிறவரிடம் ஒவ்வொரு பீஸும் எந்த மெஷினில், எப்போது ஓடியது என்று வாங்குகிற கம்பெனி கேட்கும். ஜன்னல் கிரில் அடிக்கிறவரிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

பழைய லேத்:
இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். லேத்துக்கு சென்சார் மாட்டினோம். மோட்டார் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப், அவ்வளவுதான். கரன்ட் ஏறினால் வெட்டுகிறது, இறங்கினால் சும்மா நிற்கிறது. ஷிப்ட் நோட்டில் "ஓடியது" என்று எழுதின நேரத்தில் பாதி, மெட்டீரியலுக்குக் காத்திருந்த நேரம் என்று முதல் வாரமே தெரிந்துபோனது. முதலாளிக்கு அப்படியொரு சந்தோஷம். நாலாம் மாதம் கேட்வே, அதாவது சென்சார் தகவலை நெட்வொர்க்குக்கு அனுப்பும் பெட்டி, படுத்துவிட்டது. விற்றவர்களின் சர்வீஸ் ஆள் இருப்பது ஒரு நாள் பயண தூரத்தில். "போனிலேயே சொல்கிறோம்" என்றார்கள். இன்றைக்கும் அந்த டிஸ்ப்ளே கறுப்பாகத் தொங்குகிறது, பழைய நோட்டு திரும்ப வந்துவிட்டது.

கணக்குப்புலி:
உள்ளேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கலாமே?

பழைய லேத்:
கொடுத்தோம் சார். ஆறே மாதத்தில் பெரிய கம்பெனி கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பட்டறைக்காரன்:
இதைத்தான் சொல்ல வந்தேன். 1957-ல் ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்காவில் ஒட்டுரக மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்தார். அயோவா முந்தியது, அலபாமா பிந்தியது. மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப அந்தந்த வட்டாரத்துக்குத் தனி விதை வேண்டும். விதைக் கம்பெனிகள் நல்ல சந்தை இருந்த இடத்துக்கு முதலில் போயின. அலபாமாவுக்கு விதை வந்ததே தாமதமாகத்தான். சர்வீஸ் ஆளும் அப்படித்தானே? பத்து ஆலை சேர்ந்திருக்கும் இடத்தில் கடை போடுவார், தனியாக ஒன்று இருக்கும் இடத்துக்கு வரமாட்டார்.

கணக்குப்புலி:
கிரிலிக்கஸே லாபக் கணக்குதான் காரணம் என்கிறார், அது என் கட்சி! சரி, சர்வீஸ் தூரத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசு கொண்டுவந்து இறக்கினால் போதும் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தென்கொரியா 2022-க்குள் 30,000 ஸ்மார்ட் ஆலை என்று இலக்கு வைத்து எட்டியது. அதில் பெரும்பாலானவை அடிப்படை நிலையை, அதாவது உற்பத்தி விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிவதை, தாண்டவில்லை.

பட்டறைக்காரன்:
அடிப்படை நிலை என்றால் கேவலமா? நம்ம லேத் நண்பருக்கு அந்த கிளாம்ப் ஒரே வாரத்தில் காட்டியதும் அடிப்படைதான்.

பழைய லேத்:
அது இருக்கட்டும். கேட்வேயை ரீசெட் பண்ண பாஸ்வேர்டு கேட்கிறது. போன பையன் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாருக்காவது வழி தெரியுமா?