பழைய பத்மினி காரை மலைக்கு ஏற்ற கேம்பர் ஆக்க முடியுமா?

காட்பாடிக்காரன்:
தாத்தாவின் பிரீமியர் பத்மினி ஷெட்டில் சும்மா நிற்கிறது. இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது. உள்ளேயே படுத்துத் தூங்குகிற மாதிரி மாற்றி, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் மண் ரோட்டில் ஓட்ட ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

போளூர் ரோடு:
தம்பி, 1089 சிசி, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, பின்னால் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), அதில் ஒரு பிளேட் கூட்டினால் கொஞ்சம் உயரும், ஆனால் இதற்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது, அதனால் மேற்கூரையை வெட்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடு. முதலில் வண்டிக்குள் காலடியில் விரித்திருக்கிற மேட்டைத் தூக்கி, ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். துருப் பொருக்காக உதிர்ந்தால் வெல்டிங்தான் முதல் செலவு.

சத்துவாச்சாரி:
ஆர்டிஓவை மறந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கழற்றி மாட்டுகிற பிளைவுட் படுக்கை போதுமே!

போளூர் ரோடு:
அதுவும் சரிதான். அப்புறம் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மிதித்துக்கொண்டே இருந்தால் சூடாகிப் பிடிப்புக் குறையும், அதனால் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் செகண்ட் கியரிலேயே இறங்கு. காட்டுக்குள் ராத்தங்க வனத்துறை அனுமதி வேண்டும்.