கண்ணாடி ஸ்லைடிங் கதவு: இரண்டா, மூன்றா?

படுக்கையறை அலமாரிக்குக் கதவு முடிவு செய்ய முடியாமல் மூன்று வாரமாகத் திணறுகிறேன். அலமாரி 8 அடி அகலம், 7.5 அடி உயரம். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே 2 அடிதான். பழைய கீல் கதவு திறக்கும்போதெல்லாம் கட்டில் முனையில் இடித்து, ஓரத்தில் லேமினேட் நகத்தளவு பெயர்ந்துவிட்டது. அதனால் ஸ்லைடிங்தான், முழுக் கண்ணாடியோடு. அதில் மாற்றமில்லை.

சிக்கல் எடையில். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. இரண்டு கதவு என்றால் ஒவ்வொன்றிலும் கண்ணாடி மட்டுமே 28 கிலோ. மூன்றாகப் பிரித்தால் சுமார் 19. ஆனால் இரட்டை டிராக்கில் (கதவு ஓடும் இரண்டு தடத்தில்) மூன்று கதவு ஓடினால், ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் திறக்கும். போர்வை, மெத்தை விரிப்பெல்லாம் எடுக்க அது பெரிய இடைஞ்சல்.

மேலே ஜிப்சம் சீலிங், கதவைத் தொங்கவிட வழியில்லை; எடை முழுக்கக் கீழ் டிராக்கில் ஓடும் சக்கரத்தின் மேல்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தரை வலப்பக்கம் 8 மி.மீ. இறங்குகிறது. டிராக்குக்கு அடியில் பேக்கிங் கொடுத்துச் சமன் செய்துவிடலாம் என்கிறார் ஆசாரி. அட்டையை வெட்டி ஒட்டி இரண்டு விதமும் பார்த்தாயிற்று, பார்வைக்கு இரண்டு கதவே அழகு. அப்புறம், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் கண்ணாடிக்குப் பின்னால் சேஃப்டி ஃபிலிம் கட்டாயம்.

கீழ் டிராக்கில் இவ்வளவு எடையுள்ள கதவை நான்கைந்து வருடம் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: சக்கரம் தேயாமல் இன்னும் லேசாக ஓடுகிறதா?