5ஜி விளம்பரத்துல ஸ்பீடு என்னன்னு போடுறது?

சிக்னல்_சிங்கம்:
ஒரு ஆபரேட்டர் மார்க்கெட்டிங் டீம்ல இருக்கேன். 5ஜி விளம்பரம் எழுதணும். மேல இருக்கிறவங்க "20 ஜிபிபிஎஸ்னு போடு, ஸ்பெக்லயே இருக்குல்ல"ங்கிறாங்க, நெட்வொர்க் டீம்கிட்ட கேட்டா சிரிக்கிறாங்க. ரோல்அவுட் இன்னும் பாதி கூட ஆகல. உள்ளதைச் சொன்னா யாரு வாங்குவா, கூட்டிச் சொன்னா கஸ்டமர் கேர்ல இருக்கிறவங்க திட்டு வாங்கியே சாவாங்க. என்னதான் பண்றது?

பேக்ஹால்_பாண்டி:
20ங்கிறது ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 5ஜிக்குன்னு போட்ட ஐஎம்டி-2020 கணக்குல வர்ற பீக் ரேட் தம்பி, எல்லாம் பக்காவா அமைஞ்சு மொத்த ரேடியோவும் ஒரே ஆளுக்குக் கிடைச்சா வர்றது. அதே கணக்குல சாதாரண யூசர் அனுபவத்துக்குன்னு வச்ச டார்கெட் 100 எம்பிபிஎஸ்தான். அதை யாரும் போஸ்டர்ல போட மாட்டாங்க. இந்த 20ஐ நம்பி விளம்பரம் பண்ணதுக்குத்தான் 2023ல தென்கொரியாவுல 3 ஆபரேட்டருக்கும் சேர்த்து 3,360 கோடி வோன் ஃபைன் போட்டாங்க. உங்க மேலிடத்துக்கு இந்த நியூஸை அனுப்பிடுங்க, பாதி வேலை முடிஞ்சிடும்.

ரோல்அவுட் பத்தியும் சொல்லிடறேன். டவர்ல மாஸிவ் மைமோ ஆன்டெனா (சின்னச் சின்ன ஆன்டெனா நிறைய அடுக்கின பேனல்) மாட்டிட்டு பின்னாடி ஃபைபர் இழுக்காம பழைய மைக்ரோவேவ் லிங்க்லயே ஓட்டினா ஐகான் மட்டும்தான் மாறும். அந்த ஐகானே பெரிய ஏமாத்து வேலை, என்எஸ்ஏல, அதாவது பழைய 4ஜி நெட்வொர்க் மேலயே ஓட்டுற 5ஜில, போன் 4ஜிலயே உக்காந்திருந்தாலும் "இங்க 5ஜி உண்டு"ன்னு டவர் ஒரு சிக்னல் விட்டா போதும், மேல 5ஜின்னு காட்டும். அப்புறம் அப்லோடு. போனோட பவர் வெறும் 0.2 வாட், டவர் பேசுறது போனுக்குக் கேக்கும், போன் பேசுறது 3.5 கிகாஹெர்ட்ஸ்ல நாலு சுவரைத் தாண்டி டவருக்குப் போய்ச் சேராது. வீட்டுக்குள்ள வீடியோ நல்லா ஓடுது, போட்டோ மட்டும் போக மாட்டேங்குதுன்னு கம்ப்ளைன்ட் வர்றது பெரும்பாலும் இதனாலதான். சுவரைத் தாண்டி நல்லா போற 700 மெகாஹெர்ட்ஸ் மாதிரி லோ பேண்ட் கூட இருந்தா ஓரளவு சமாளிக்கலாம்.

டேட்டா_தாத்தா:
பாண்டி சொல்றது சரி, ஆனா விக்கணுமே? போன்ல 200 எம்பிபிஎஸ் வந்தாலும் 600 வந்தாலும் ரீல்ஸ் பாக்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தெரியுற இடம் வீட்டு இன்டர்நெட், அதாவது வயர் இழுக்காம டவர்ல இருந்தே வீட்டுக்கு நெட் கொடுக்கிற எஃப்டபிள்யூஏ. அதையும் கேக்கிறவங்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தா ராத்திரி 9 மணிக்கு செக்டர் (டவர் ஒரு பக்கமா கவர் பண்ற ஏரியா) படுத்துடும். அமெரிக்காவுல டி-மொபைல், கெப்பாசிட்டி மிச்சம் இருக்கிற ஏரியாவுலதான் ஹோம் இன்டர்நெட் விக்குது, மத்தவங்க வெயிட்டிங் லிஸ்ட். புத்திசாலித்தனமான வேலை. ஸ்லைசிங் (நெட்வொர்க்குல ஒரு பங்கைத் தனியா ஒதுக்கிக் கொடுக்கிறது) அது இதுன்னு கம்பெனிங்களுக்கு இப்பவே வாக்கு கொடுக்காதீங்க, எஸ்ஏ கோர், அதாவது 4ஜியை நம்பாம 5ஜிக்குன்னே போடுற நெட்வொர்க் மையம், வராம அது நடக்காது.

சிக்னல்_சிங்கம்:
நன்றிண்ணே, நன்றி தாத்தா. அப்போ ஸ்பீடுக்குப் பதிலா ஏரியா வாரியா "பிஸி நேரத்துல இவ்வளவு வரும்"னு போடலாமா? அந்த டேட்டாவை நெட்வொர்க் டீம் தருவாங்களா?

பேக்ஹால்_பாண்டி:
செல் வாரியா பிஸி ஹவர் ரிப்போர்ட் அவங்ககிட்ட இல்லாம இருக்காது, வண்டில சுத்தி சிக்னல் அளந்த டிரைவ் டெஸ்ட் லாக்கும் இருக்கும், கேளுங்க. ஒத்த நம்பர் போடாம "இதிலிருந்து இது வரைக்கும்"னு போடுங்க. கவரேஜ் மேப்ல வீட்டுக்குள்ள, வெளியேன்னு தனித்தனி கலர் கேளுங்க, அதுக்குத்தான் மீட்டிங்ல அடிதடி நடக்கும், விட்டுடாதீங்க.